எண்ணாமல் விட்ட கதவு

வருடத்தின் நாட்களைப் புனிதர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்த காலத்தில், மார்ச் மாதத்தை வாங்கிக்கொள்ள யாரும் முன்வரவில்லை என்று எங்கள் பெத்ரலோங்காவில் சொல்வார்கள். ஆகத்தம்மாள் முதல் ஆளாக வந்து பிப்ரவரியை எடுத்துக்கொண்டாள். எரிமலையின் நெருப்போடு மல்லுக்கட்டுகிறவளுக்குக் குளிர்ந்த மாதம் தேவைப்பட்டது. ஜார்ஜியார் தம் குதிரைக்குப் புல் வேண்டும் என்று ஏப்ரல் கடைசியைக் கேட்டு வாங்கினார். மாற்கு, கதிர் பிடிக்கும் பயிரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவருக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தார். மார்ச் மட்டும் தனியே கிடந்தது. போன வருடத்துக் கோதுமை தீர்ந்து, புதுக் கோதுமை இன்னும் பச்சையாக நிற்கும் மாதம் அது. பசியும் காற்றும் ஊரைப் பங்கு போட்டுக்கொள்ளும் மாதம். அப்போது எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்த சூசையப்பர், "அந்த மாசத்த என்கிட்ட குடுங்க. காத்துல கதவெல்லாம் ஆட்டங்கண்டு போயிருக்கும். நான் தச்சன்தானே, ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்றாராம்.

அன்றிலிருந்து மார்ச் பத்தொன்பதாம் தேதி அவர் எங்கள் ஊருக்கு வந்து கதவுகளைத் தட்டுகிறார். கூடவே மாதாவும் இயேசு பாலனும் வருகிறார்கள். நேர்ச்சை நேர்ந்துகொண்ட வீட்டார் பந்தி வைப்பார்கள். ஊரின் ஏழைகள் மூவர் திருக்குடும்பமாக வேடமிட்டு வந்து அதில் சாப்பிடுவார்கள். ஆனால் நேரே வந்து உட்கார்ந்துவிட முடியாது. பெத்லகேமில் நடந்தது போலவே முதல் இரண்டு கதவுகள் அவர்களை விரட்ட வேண்டும். மூன்றாவதாகத் தட்டும் பந்தி வீட்டுக் கதவுதான் திறக்க வேண்டும். விரட்டுகிற வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள்.

போர் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த அந்த மார்ச்சில், அடுப்புச் சந்தில் பந்தி வைத்தவள் தின்தாரா. அவள் ஒரு காரியத்தில் இறங்கினால் காரியமே ஒதுங்கி வழிவிடும் என்று சந்தில் பேச்சு. குரல் பெரியது, நடை வேகமானது, தன் முடிவின் மேல் அவளுக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை.

நேர்ச்சை பிறந்த கதை ஊருக்கே தெரியும். முந்தைய வருடம் ஆகத்தம்மாள் திருநாளன்று, ஊருக்குக் கீழே இருக்கும் கந்தகச் சுரங்கத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தின்தாராவின் கணவன் வீத்தோவும் அதே சந்தைச் சேர்ந்த நோஃப்ரியோவும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். குழிவாயிலில் கூடிய பெண்கள் உதடு அசையாமல் செபமாலை உருட்டிக்கொண்டிருக்க, தின்தாரா மட்டும் வானத்தைப் பார்த்துக் கூவினாள்: "சூசையப்பரே, அவர என்கிட்ட குடுத்துடும்! உமக்குப் பந்தி வெக்கிறேன். என் வீட்டுச் சாமானுல ஒண்ணுகூட இருக்காது. ஊரெல்லாம் பிச்சை எடுத்து வெக்கிறேன்!" அவள் கூவியபோது அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நோஃப்ரியோவின் மனைவி அக்ரிப்பினா. தின்தாராவைவிடச் சில வயது மூத்தவள். தின்தாராவின் மகளுக்கு ஞானத்தாயும் அவளே.

மறுநாள் மதியம் வீத்தோவைக் கால் முறிந்த நிலையில் உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். சாயங்காலம் நோஃப்ரியோவைக் கோணித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அக்ரிப்பினா தின்தாராவின் கையை அப்போதுதான் விட்டாள். வீட்டுக்கு நடந்து போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

விபத்து நடந்த வருட மார்ச்சில் வீத்தோ படுக்கையில் கிடந்ததால் பந்தி வைக்க முடியவில்லை. அதில் குற்றமில்லை; சூசையப்பர் ஒரு வருடம் தவணை கொடுப்பார். இரண்டாவது தவணை அவரிடம் கிடையாது. இப்போது வீத்தோவின் கால் கூடிவிட்டது. திருநாள் முடிந்த திங்கட்கிழமை அவன் மறுபடியும் குழிக்குள் இறங்கப்போகிறான். நேர்ச்சை தீராத ஒருவனைக் குழிக்குள் அனுப்ப எங்கள் ஊரில் எந்த மனைவியும் சம்மதிக்க மாட்டாள். ஆகவே பத்தொன்பதாம் தேதி கோயிலில் மதியத் திரிகாலச் செப மணி அடிப்பதற்குள் திருக்குடும்பம் தின்தாராவின் மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். அதற்குப் பிறகு உட்கார்ந்தால் அது சாதாரணச் சாப்பாடு.

தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலோடு, தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நேர்ச்சைப் பிச்சை அப்படித்தான் எடுக்க வேண்டும். "சூசையப்பர் பந்திக்கு ஒரு கைப்பிடி, தாயே!" என்று அவள் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஊரிலேயே பெரிய கஞ்சரான, சொத்துப் பத்திரம் எழுதும் பத்திரக்காரர் வீட்டில்கூட விடாமல் நின்று ஒரு கரண்டி உப்பு வாங்கினாள். சொந்தச் சந்தில் அடுமனைக்காரன் லியோலூக்கா மாவு கொடுத்தான். வண்டிக்காரன் மனைவி கலோஜெரா எண்ணெய் கொடுத்தாள். அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்த அக்ரிப்பினாவின் கதவை மட்டும் தின்தாரா சத்தமில்லாமல் தாண்டிப் போனாள்.

"அங்க கேக்கலியா?" என்று கலோஜெரா தாழ்ந்த குரலில் கேட்டாள். "சொந்தச் சந்துல ஒரு கதவும் விடக்கூடாதுன்னு சொல்வாங்களே."

"என் புருஷன் பொழச்சதுக்குப் பந்தி. அதுக்குப் புருஷன் போனவகிட்டயே போய் மாவு கேக்கச் சொல்றியா? எனக்கு அவ்வளவுகூடவா இங்கிதம் இல்ல?"

தின்தாரா உறுதியாகச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. அதுவுமல்லாமல், அந்தக் கதவைத் தவிர்ப்பது அதற்குள் சந்துக்கே பழக்கமாகியிருந்தது. துக்க வீடு, வாசலில் திருநாளுக்குக் கட்டும் பச்சைத் தழை இல்லை, வெளியே நாற்காலி இல்லை. வழி கேட்கிறவர்களிடம்கூட, "முதல் கதவு அடுமனை, ரெண்டாவது வண்டிக்காரர் வீடு, மூணாவது தின்தாரா வீடு" என்றே சொன்னார்கள்.

திருநாளன்று காலையில் தின்தாராவின் வீட்டு நடு அறையில் மேசை, அதன் மேல் மேசை என்று படிப்படியாக உயர்ந்து நின்றது. உச்சியில் சூசையப்பர் படம். அதைச் சுற்றிப் பிரிஞ்சியிலையும் ஆரஞ்சுப் பழங்களும். அவருடைய தாடி, கைத்தடி, சுத்தியல், ஏணி ஆகிய வடிவங்களில் சுட்ட ரொட்டிகள் பொன்னிறத்தில் மின்னின. தபசு காலம் ஆதலால் இறைச்சி இல்லை. உப்பிட்டுக் காயவைத்த மீன், பொரித்த கூனைப்பூ, காட்டுச் சோம்புக் கீரை, பாஸ்தாவின் மேல் தச்சனின் மரத்தூளுக்கு அடையாளமாக வறுத்த ரொட்டித்தூள். முந்தின நாளே கோயில் சாமியார் வந்து பந்தியை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது பொரியல் பக்கம் அவர் பார்த்த பார்வையை வைத்தே பந்தி நன்றாக அமைந்திருக்கிறது என்று லியோலூக்கா தீர்ப்புச் சொன்னான்.

சூசையப்பராக வேடமிட்டவர் மேல்தெருவில் ஆடு மேய்க்கும் கிழவர் கந்தோல்ஃபோ. மாதாவாகத் தையல் வேலை செய்யும் அநாதைப் பெண் நின்ஃபா. பாலனாக அவளுடைய தம்பி சாரோ. மூவரும் விடியலிலிருந்து பட்டினி.

"எனக்கே தாடி இருக்கும்போது இந்தப் பஞ்சு எதுக்கு?" என்றார் கந்தோல்ஃபோ.

"உம்ம தாடியில ஆட்டு வாசனை அடிக்குது தாத்தா" என்று தின்தாரா அதைக் கட்டிவிட்டாள். "நல்லாக் கேட்டுக்கோங்க. முதல் ரெண்டு கதவுல உங்கள விரட்டுவாங்க. கோவிச்சுக்காம நகரணும். மூணாவது என் கதவு."

"விரட்டுறதெல்லாம் எனக்குப் பழக்கந்தான். வேஷம் இல்லாமலே விரட்டுவாங்க."

ஊர் கூடிவிட்டது. பந்தி வைத்தவள் தன் கதவு தட்டப்படும்வரை வாசல் தாண்டக் கூடாது என்பதால், தின்தாரா உள்ளே போய்த் தாழிட்டு, வீத்தோவோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சந்தின் தொடக்கத்தில் கந்தோல்ஃபோ கைத்தடியால் அடுமனைக் கதவைத் தட்டுவது கேட்டது.

"யாருய்யா அது?" லியோலூக்கா இதற்காக ஒரு வாரமாக அடுப்பிடம் பேசிப் பழகியிருந்தான்.

"இயேசு, மரி, சூசை!"

"என்ன வேணும்?"

"பசிக்கு உணவு. இரவுக்கு இடம்."

"இடமா? என் வீடென்ன சத்திரமா? முகத்தையும் தாடியையும் பாரு! நடங்க, நடங்க!" கதவு படாரென்று சாத்தப்பட்டது. கூட்டம் சிரித்தது. உடனே கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. "நல்லா இருந்துச்சா?" என்று லியோலூக்கா தலையை நீட்டிக் கேட்டான். "கொஞ்சம் ஓவராத்தான் இருந்துச்சு" என்றாள் நின்ஃபா. மாதா பேசக் கூடாது என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்ததாக வண்டிக்காரர் வீட்டில் கலோஜெரா கதவுக்குப் பின்னால் தயாராக நின்றிருந்தாள். ஆனால் கந்தோல்ஃபோ மேல்தெருக்காரர். அடுப்புச் சந்து எந்தக் கதவை எண்ணுகிறது, எதை எண்ணுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. காற்றில் பறந்த பஞ்சுத் தாடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த இரண்டாவது கதவின் முன் போய் நின்றார். யாரோ "தாத்தா, அது..." என்று தொடங்குவதற்குள் கைத்தடி மூன்று முறை விழுந்துவிட்டது.

சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

"யாரு?" என்றது உள்ளே ஒரு குரல். ஒரு வருடத்துக்கு மேலாகச் சந்து அந்தக் குரலைக் கேட்கவில்லை.

"இயேசு, மரி, சூசை."

"என்ன வேணும்?"

"பசிக்கு உணவு. இரவுக்கு இடம்."

விரட்டுவார்கள் என்று காத்திருந்த கந்தோல்ஃபோ திரும்பிப் போக ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டார். அப்போது தாழ் விலகியது. தலைமுதல் கால்வரை கறுப்பில் அக்ரிப்பினா நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து வெந்த மொச்சையின் வாசனை வந்தது.

"உள்ள வாங்க" என்றாள்.

கந்தோல்ஃபோவுக்குத் திறக்கும் கதவுக்கு உரிய வார்த்தை ஒன்றுதான் தெரியும். அதை மூன்றாவது கதவில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தடுமாறிப்போய் அதையே சொன்னார்: "இந்த வீட்டுக்குச் சமாதானம்." மூவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

கலோஜெரா வெளியே எட்டிப் பார்த்தாள். "எங்க போயிட்டாங்க? நான் எவ்வளவு நேரமாக் கோபத்தோட நிக்கிறது?"

லியோலூக்கா தின்தாராவின் கதவுக்கு ஓடி வந்து வெளியிலிருந்தே கத்தினான். "தின்தாரா! கிழவர் அக்ரிப்பினா கதவத் தட்டிட்டாரு!"

"சரி, துக்க வீடு. பேசாம இருந்திருப்பா. அடுத்த கதவுக்குக் கூட்டிட்டுப் போ."

"தெறந்துட்டா! உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுட்டா!"

உள்ளே தின்தாராவின் கை தாழ்ப்பாளில் அப்படியே நின்றது. திருக்குடும்பத்தை உட்கார வைத்த வீட்டில் அடுத்தது சாப்பாடுதான். ஒரு நாளில் அவர்கள் இரண்டு வீட்டில் சாப்பிடக் கூடாது. அங்கே ஒரு கரண்டி வாயில் போய்விட்டால் அதுதான் பந்தி. அவளுடைய ரொட்டித் தாடியும் ஏணியும் சுத்தியலும் வெறும் ரொட்டி.

"சாமியாரக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றான் லியோலூக்கா. "இல்ல, நானே போய்க் கிழவரத் தூக்கிட்டு வந்துடவா? எலும்புதான், கனம் இருக்காது."

"ரெண்டும் வேணாம். கொஞ்சம் சும்மா இரு!"

வீத்தோ சுவரோரம் நின்றிருந்தான். சுரங்கத்திலிருந்து வந்த பிறகு அதிகம் பேசாதவன் அவன். "நீ அவ வீட்டுல கேட்டியா?" என்றான்.

"என்னத்த?"

"மாவு."

தின்தாரா திரும்பிப் பார்த்தாள். "நீங்க மட்டும் என்ன? அந்த வாசல் வந்தா எதிர்ச் சுவத்தப் பாத்துக்கிட்டுத்தானே தாண்டுறீங்க?"

"ஆமா. நான் பயந்துக்கிட்டு சுவத்தப் பாத்தேன். நீ இங்கிதம்னு சொல்லிட்டு மாவு கேக்கல. ரெண்டு பேரும் அவள விட்டுட்டுத்தான் போனோம்."

பிழை தன்னுடையது என்று தெரிந்த பிறகு அதன் மேல் உட்கார்ந்து அழுகிறவள் அல்ல தின்தாரா. ஒரே இழுப்பில் கொண்டையை அவிழ்த்தாள். ஆணியில் தொங்கிய பிச்சைப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க போற? பந்தி வெச்சவ வாசல் தாண்டக் கூடாது!" என்றான் வீத்தோ.

"பந்தி வெச்சவதான் தாண்டக் கூடாது. பிச்சைக்காரி எங்க வேணும்னாலும் போலாம். நீங்க கதவுகிட்டயே நில்லுங்க. தட்டினா கேக்க வேண்டியதக் கேட்டுட்டுத் தெறக்கணும். சுவத்தப் பாக்கக் கூடாது."

முடி காற்றில் பறக்க அவள் சந்தில் நடந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சண்டை வரப்போகிறது என்று சிலர் முன்னால் நகர்ந்து வசதியாக நின்றுகொண்டார்கள். தின்தாரா அக்ரிப்பினாவின் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"தின்தாரா."

"என்ன வேணும்?"

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அவங்களக் கொஞ்சம் என் வீட்டுக்கு அனுப்பி வைங்க."

"இங்க இருக்கிறது இயேசு, மரி, சூசை. அவங்கள அனுப்பறதுக்கு நான் யாரு? இடமில்ல. போ."

"என்னைவிட நல்லா விரட்டுறாளே!" என்று லியோலூக்கா முணுமுணுத்தான். கலோஜெரா அவனைக் கிள்ளினாள்.

தின்தாரா மறுபடியும் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் அக்கா. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

"மன்னிப்பு இங்க விக்கிறதில்ல. அடுத்த கதவுல கேளு."

யாரும் சிரிக்கவில்லை. கோயில் மணிக்கூண்டின் கயிற்றைப் பிடிக்கச் செல்லும் கோயில்பிள்ளை சந்து முனையைக் கடந்து மேலே ஏறிப்போவதை எல்லோரும் பார்த்தார்கள். தின்தாராவும் பார்த்தாள். அவசரமாக இருந்தும் அவள் கதவை இடிக்கவில்லை. பையை முன்னால் இழுத்து இரு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். ஊரின் ஒவ்வொரு கதவிலும் நின்று கூவிய அந்த வரியை, இப்போது அந்த வீட்டுக்குள் மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னாள்.

"சூசையப்பர் பந்திக்கு ஒரு கைப்பிடி, தாயே."

தாழ் விலகியது.

அக்ரிப்பினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சா?"

"அக்கா..."

"பத்திரக்காரர் வீட்டு உப்பு இனிச்சுதாக்கும். என் வீட்டு மாவு என்ன, அதுவும் கறுப்பு உடுத்தியிருக்கா?"

"உங்களுக்கு வலிக்கும்னு நெனச்சேன்."

"வலிக்குதுதான். நீ கேட்டாலும் வலிக்கும், கேக்காட்டியும் வலிக்கும். அதுக்கும் மாவுக்கும் என்னடி சம்பந்தம்?" அவள் கதவுக்குப் பின்னால் குனிந்து ஒரு துணி மூட்டையை எடுத்தாள். முடிச்சு பழசாகி இறுகியிருந்தது. "சாம்பல் புதன்லேருந்து கட்டி வெச்சிருக்கேன். நீ கூவுறது கேக்கும். அடுமனை வாசல்ல கேக்கும். அப்புறம் சத்தம் நின்னுபோகும். கொஞ்சம் பொறுத்து கலோஜெரா வாசல்ல கேக்கும். நடுவுல உன் காலடி மட்டும், திருடி மாதிரி."

தின்தாரா தலை குனிந்தாள்.

"அன்னிக்குக் குழிவாயில்ல நீ ஊருக்கே கேக்கிற மாதிரி நேந்துக்கிட்ட. உன் கையப் புடிச்சுக்கிட்டு நான் மனசுக்குள்ள நேந்துக்கிட்டேன். நீ உன் புருஷன மட்டும் கேட்ட. நான் ரெண்டு பேரையும் கேட்டேன். வீத்தோவையும் சேத்துத்தான்." அக்ரிப்பினாவின் குரல் உடையவில்லை, கணக்கு ஒப்பிப்பது போல நிதானமாக வந்தது. "ரெண்டுல ஒருத்தரக் குடுத்தாரு. அப்ப எனக்குப் பாதிப் பந்தி கடன் இருக்கா இல்லியா? துக்க வீட்டுல தழை கட்டி நான் பந்தி வெக்க முடியாது. உன் பையில போட்டாத்தான் என் பாதி அவருக்குப் போய்ச் சேரும். நீ வரவே இல்ல. சரி, நம்ம அளவுக்கு மொச்சையாவது வேக வெப்போம்னு இன்னிக்கு அடுப்ப மூட்டினேன். அவரே வந்து கதவத் தட்டுறாரு. விரட்டவா முடியும்?"

உள்ளேயிருந்து கந்தோல்ஃபோவின் குரல் வந்தது. "அம்மாமாரே, பேசி முடிச்சாச்சுன்னா ஒரு வார்த்தை. ரெண்டு வீட்டுலயும் சோத்து வாசனைதான் வருது. இன்னும் ஒரு வாய் கிடைக்கல. பாலன் மேசைக்காலக் கடிக்கப் பாக்குறான்."

தின்தாராவின் கண்கள் விரிந்தன. "இன்னும் சாப்பிடலியா?"

"பரிமாறலியே" என்றாள் அக்ரிப்பினா. "கரண்டியக் கையில எடுத்தேன். நீ தட்டிட்ட."

உடனே தின்தாராவின் பழைய குரல் திரும்பி வந்தது. "அப்ப இந்த வீட்டுல சாப்பாடு நடக்கல. அடுமனையில ஒரு விரட்டு ஆச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அக்கா, நீங்க விரட்டிட்டீங்கன்னா..."

"நான் விரட்ட மாட்டேன்."

"நீங்க வேணாம் அக்கா! கலோஜெரா காலையிலேருந்து கோபத்த அடக்கிக்கிட்டு நிக்கிறா!"

அக்ரிப்பினாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. மாவு மூட்டையைத் தின்தாராவின் பையில் போட்டாள். உள்ளே போய், மொச்சைப் பானையைத் துணியால் சுற்றி இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு, மூவரையும் முன்னால் விட்டு வாசலைத் தாண்டினாள். கதவைச் சாத்துவதற்கு அவளுக்குக் கை இல்லை. அது காற்றில் திறந்தபடி நின்றது.

சந்து முழுவதும் அவர்கள் பின்னால் நகர்ந்தது. கந்தோல்ஃபோ வண்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். கலோஜெரா தன் மிகக் கொடிய முகத்தோடு திறந்தாள். சூசையப்பருக்குப் பின்னால் ஆவி பறக்கும் பானையோடு அக்ரிப்பினா நிற்பதைப் பார்த்தாள். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது.

"இடமில்ல... இங்க... அக்ரிப்பினாக்கா, வெளிய வந்துட்டீங்களா! ஐயோ, இடமில்ல, போங்க, சீக்கிரம் போங்க, மணியடிக்கப் போறான்!"

"இது என்ன விரட்டு?" என்றான் லியோலூக்கா வெறுப்போடு.

"சொல்லிட்டா இல்ல? போதும், நடங்க தாத்தா!" என்றாள் தின்தாரா. தன் வீட்டு வாசல் வந்ததும் அவள் கூட்டத்தோடு கூட்டமாக, பையோடு ஓரத்தில் நின்றுகொண்டாள். கந்தோல்ஃபோ தட்டினார்.

"யாரு?" உள்ளே வீத்தோவின் குரல் கரகரத்தது.

"இயேசு, மரி, சூசை."

"வேற யாரு?"

அப்படி ஒரு கேள்வி வழக்கத்தில் இல்லை. கந்தோல்ஃபோ திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து அக்ரிப்பினாவின் பதில் வந்தது.

"நோஃப்ரியோ வீட்டுலேருந்து."

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வீத்தோ கதவை முழுவதுமாகத் திறந்தான். சுவரைப் பார்க்கவில்லை. அக்ரிப்பினாவின் முகத்தை நேராகப் பார்த்தான். பார்த்தபடியே, ஊன்றிய கால் வலிக்கும்போதும், அவள் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டான். "உள்ள வாங்க" என்றான். "உங்க வீடு."

மூவரும் மேசையில் உட்கார்ந்த மறுகணம் மணிக்கூண்டிலிருந்து முதல் மணி விழுந்தது. தின்தாரா சிலுவை போட்டுக்கொண்டாள். அக்ரிப்பினா உட்காரவில்லை, துக்கத்தில் இருப்பவள் பந்தியில் அமர்வதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பந்தி வைத்தவளைப் போலவே வெறுங்காலோடு வந்து, தின்தாராவின் பக்கத்தில் நின்று பரிமாறினாள். கூனைப்பூவும் மீனும் சுத்தியல் ரொட்டியும் நிறைந்திருந்த அந்த மேசையின் நடுவே, ஓரம் கறுத்த பானை வைப்பதற்கு இடம் இல்லை. தின்தாரா ரொட்டித் தாடியை நகர்த்தி இடம் செய்தாள்.

பாலன்தான் முதலில் கை வைக்க வேண்டும். சாரோ மேசையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்துவிட்டு மொச்சையில் கரண்டியை விட்டான்.

"சூடா இருக்கிறது அது ஒண்ணுதான்" என்று கந்தோல்ஃபோ அவனுக்காக விளக்கம் சொல்லிவிட்டு, தாமும் அதையே எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது சந்தில் படார் படாரென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்ரிப்பினாவின் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் காதில் விழாதது போலக் கரண்டியைப் பிடித்திருந்தாள். வீத்தோதான் எழுந்து போனான். சாத்திவிட்டு வரப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜன்னல் வழியே தின்தாரா பார்த்தபோது, அவன் சுவரோரம் கிடந்த பெரிய கல் ஒன்றை நொண்டிக்கொண்டே உருட்டி வந்து, கதவு திறந்தே நிற்கும்படி அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.